எல்லாப் பழியும் நிலக்கரிக்கா? கலப்பு எரிபொருளில் உலோகம் தேடும்போது நடக்கும் தவறுகள்

வடசென்னையில் சாம்பல் என்றாலே கை தானாக நிலக்கரியைத்தான் காட்டும். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் சாம்பல் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்புதான். ஆனால் இப்போது பாய்லரில் நிலக்கரி மட்டும் போவதில்லை. உமி, கடலை ஓடு, சவுக்கு, மரத்தூள் என்று எது மலிவோ அதுவும் சேர்ந்து போகிறது. அனல்மின் நிலையங்கள் 5 சதவீதம் உயிர்ம வில்லைகளை (பயிர்க்கழிவை அழுத்திச் செய்யும் எரிபொருள் கட்டிகள்) சேர்த்து எரிக்கவேண்டும் என்று 2021 அக்டோபரில் மத்திய அரசின் கொள்கையே வந்துவிட்டது.

அதனால் சாம்பலிலோ புகையிலோ ஈயம், ஆர்செனிக் மாதிரி நச்சு உலோகம் தென்பட்டால், அது எந்த எரிபொருளில் இருந்து வந்தது என்று தேடவேண்டியிருக்கிறது. அதில்தான் தவறுகள் நடக்கின்றன. முதல் தவறு, "மரம்தானே, சுத்தமாகத்தான் இருக்கும்" என்று அதைச் சோதிக்காமல் விடுவது. மரத்தூள் என்று எழுதி வந்த ஒரு மூட்டையை ஒருமுறை தரையில் கொட்டிப் பார்த்தோம். பச்சை பெயிண்ட் உரிந்துகொண்டிருந்த கதவுச் சட்டத் துண்டு, அதில் இரண்டு ஆணி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். செல்லரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரமாக இருந்தால் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்தே வரலாம்.

சரி, ஒரு கணக்கு போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். 9 டன் நிலக்கரி, டன்னுக்கு 12 கிராம் ஈயம்: 108 கிராம். 1 டன் கழிவு மரம், டன்னுக்கு 150 கிராம்: 150 கிராம். எடையில் பத்தில் ஒரு பங்குதான், ஈயத்தில் பாதிக்கு மேல் அதனுடையது. இதையே தலைகீழாகவும் தப்பு செய்வார்கள்: செறிவு அதிகமாக இருக்கிற எரிபொருளைக் குற்றவாளி என்று எழுதிவிட்டு, அது எத்தனை டன் போனது என்று பார்க்கவே மாட்டார்கள். அப்புறம் ஒன்றை ஈர எடையிலும் இன்னொன்றை உலர் எடையிலும் வைத்து ஒப்பிடுவது வேறு.

அடுத்தது, அடியில் விழும் சாம்பலை மட்டும் அள்ளிக்கொண்டு லேபுக்கு ஓடுவது. பாதரசம் பெரும்பாலும் ஆவியாகிப் புகையோடு போய்விடும். காட்மியமும் ஈயமும் சூட்டில் ஆவியாகி, புகை குளிரும்போது நுண்ணிய பறக்கும் சாம்பலில் போய் ஒட்டும். வைக்கோல் மாதிரி குளோரின் அதிகமுள்ள பொருளைச் சேர்த்தால் இவை குளோரைடாக மாறி இன்னும் சுலபமாக ஆவியாகும். அதாவது, நிலக்கரியில் இருந்த ஈயத்தையே வைக்கோல் கிளப்பிவிட்டிருக்கலாம். புகையில் ஈயம் கூடியதும் அது வைக்கோலில் இருந்து வந்தது என்று முடிவு கட்டினால் போச்சு.

லேபில் நடக்கிற கூத்து தனி. நைட்ரிக் அமிலம் மட்டும் ஊற்றினால் சாம்பலின் சிலிகேட் முழுதாகக் கரையாது, உள்ளே சிக்கிய உலோகம் கணக்கில் வராது. உலோகங்களை அணு நிறையை வைத்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஆர்கானும் குளோரினும் சேர்ந்து 75 என்ற நிறையில் ஆர்செனிக் மாதிரியே வேஷம் போடும், அதைத் திருத்தாமல் விட்டால் இல்லாத ஆர்செனிக்கும் இருப்பதாகக் காட்டும். குரோமியம், நிக்கல் கூடினால், மாதிரியை அரைத்த எஃகு மில் தேய்ந்து கலந்ததா என்று ஒரு தடவை பாருங்கள்.

ஈய ஐசோடோப்பு விகிதம், அதாவது வெவ்வேறு நிறையுள்ள ஈய அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது, ஈயம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க நல்ல ஆயுதம்தான், ஆனால் ஒடிசா நிலக்கரியும் இந்தோனேசிய நிலக்கரியும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துப் புத்தக எண்ணை எடுத்துப் போடக்கூடாது. அன்று பாய்லருக்குள் போன ஒவ்வொரு எரிபொருளிலிருந்தும் ஒரு கிலோ தனியாக எடுத்து, தேதி எழுதிக் கட்டி வைத்திருக்கவேண்டும். ரோட்டோர மண்ணோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால், 2000 வரை ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய ஊர் இது, அந்த ஈயம் இன்னும் மண்ணில்தான் கிடக்கிறது.