சிசிலிக்குப் போகிறவர்களுக்கு: குகைக் கோயிலும் கடற்குகையும் பார்க்கும் விதம்

யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலிக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களில் ஒரு பகுதியினர் சிசிலித் தீவின் பலெர்மோவில்தான் போய் இறங்குகிறார்கள். எண்பதுகளிலிருந்தே நம் சனம் குடியேறிய ஊர் அது. போன முதல் ஞாயிறே ஒரு மருமகனோ பெறாமகளோ "வாங்கோ, மலைக்கு ஒருக்கா போட்டு வருவம்" என்று கூப்பிடுவார்கள். அந்த மலையில் இருக்கிற கோயில் ஒரு குகை. அதைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் அந்தக் கரையோரத்தில் இருக்கிற மற்றக் குகைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம், விசா எப்படியும் தொண்ணூறு நாள் வரைக்கும் கிடைக்கக்கூடியதுதானே.

ஒன்றை முதலே மனதில் வையுங்கள். எந்தக் குகைக்கு எப்போது போவது என்பதை உங்கள் கலண்டர் முடிவு செய்யாது. கோயில் குகைக்குப் பூசை நேரம், கடற்குகைக்குக் காற்று, ஆதிமனிதர் கீறிய சித்திரம் இருக்கிற குகைக்கு வழிகாட்டி, இந்த மூன்றும்தான் முடிவு செய்யும். திங்கள் இது, செவ்வாய் அது என்று இங்கே வீட்டிலிருந்தே அட்டவணை போட்டுக்கொண்டு போகிறவர்கள் பாதியைப் பார்க்காமல்தான் திரும்புவார்கள். மே, யூன், இல்லாவிட்டால் செப்ரெம்பர் கடைசி, ஒக்ரோபர் நல்லது. யூலை, ஓகஸ்டில் வெயில் நம்முடையதை விடக் குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று அடிக்கிற நாளில் மலையேறுவது நடக்கிற காரியமில்லை.

சரி, முதலில் மலைக்கோயில். பலெர்மோ நகரத்தின் வடக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மொந்தே பெல்லெக்ரினோ மலை சுமார் 600 மீற்றர் உயரம். புனித ரொசாலியாவின் குகை அதில் 400 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. ரொசாலியா 12ஆம் நூற்றாண்டில் பெரிய குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தக் குகையில் தனியே தவம் இருந்தவர் என்பது மரபு. 1624இல் பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகளை இந்தக் குகையில் கண்டெடுத்தார்கள், அடுத்த வருடம் அவற்றை ஊர்வலமாக நகரத்துக்குள் கொண்டுபோனபின் நோய் அடங்கியது என்று நம்பி அவரை ஊரின் காவல் புனிதையாக ஆக்கினார்கள். அம்மை, கொள்ளைநோய் என்றால் அம்மனிடம் ஓடுகிற நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, பலெர்மோவில் இருக்கிற நம்முடைய வேதக்காரர் மட்டுமல்ல, சைவச் சனமும் நேர்த்தி வைத்து அங்கே போகிறது. ஞாயிற்றுக்கிழமையில் போனால் சேலையும் மல்லிகைப் பூவுமாகத் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கலாம்.

வெளியே இருந்து பார்த்தால் பாறையில் ஒட்டிக் கட்டிய சாதாரணக் கோயில் முகப்பு மாதிரித்தான் தெரியும். உள்ளே நாலடி வைத்தால் கூரையில்லாத ஒரு முற்றம், அதைத் தாண்டினால் குகை. மேலே அண்ணாந்து பாருங்கள், பாறைக் கூரையில் வளைந்து வளைந்து தகரப் பீலிகள் ஓடுகின்றன. சுண்ணாம்புக்கல்லூடாக ஊறி வடிகிற தண்ணீர் சனத்தின் தலையில் விழாமல் பிடித்து ஒரு பக்கமாகக் கொண்டுபோகிறதற்காகச் செய்த வேலை அது. அந்தத் தண்ணீரைச் சனம் தீர்த்தமாக மதிக்கிறது. கீரிமலையிலும் நிலாவரையிலும் நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஓட வைக்கிற அதே சுண்ணாம்புக்கல்தான், மழைத்தண்ணீர் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போகும். பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் பொன்னாடை போர்த்திப் படுத்திருக்கிற பளிங்குச் சிலை ரொசாலியாவுடையது. பொன்னாடை போர்போன் வம்சத்து அரசன் சார்ல்ஸ் கொடுத்தது.

இங்கே நம் ஆட்கள் தடுமாறுகிற இடங்கள் சில உண்டு. சப்பாத்தைக் கழற்ற வேண்டாம், அங்கே அது வழக்கமில்லை, தரை ஈரமாக வழுக்கும். நேர்த்திக்கு வெறுங்காலோடு மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. கற்பூரம், தேங்காய், ஊதுபத்தி கொண்டுபோகாதீர்கள், மெழுகுதிரி வாங்கிக் கொளுத்தலாம், பூ வைக்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், சேலைக்கும் வேட்டிக்கும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அரைக்காற்சட்டையோடு வருகிற பேரப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பூசை நடக்கிற நேரம் படம் எடுக்கக் கூடாது. வெளியே 35 பாகை வெயில் எரித்தாலும் உள்ளே குளிரும், ஒரு சால்வை இருக்கட்டும். தீர்த்தத்தைப் போத்தலில் எடுத்துவந்தால் அதைப் பெரிய சூட்கேசில் வையுங்கள், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள், தீர்த்தம் என்று சொல்லிப் பிரயோசனமில்லை.

மேலே போக நகரத்திலிருந்து 812 இலக்க பஸ் இருக்கிறது. முழங்கால் நல்லாக இருந்தால் ஸ்காலா வெக்கியா என்கிற பழைய கல் பாவிய பாதையால் நடந்து ஏறுங்கள், ஆறுதலாக ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். திரும்பித் திரும்பி ஏறுகிற வழி, ஒவ்வொரு திருப்பத்திலும் துறைமுகமும் கடலும் இன்னும் பெரிதாகத் தெரியும். செப்ரெம்பர் 3ஆம் திகதி இரவு ஊரே திரண்டு இந்தப் பாதையால் ஏறும், மறுநாள் 4ஆம் திகதி திருநாள். யூலை 14 இரவு நகரத்துக்குள் பெரிய தேர், வாணவேடிக்கை. கூட்டம் விருப்பமென்றால் அந்த நாட்கள், குகையை வடிவாகப் பார்க்க வேண்டுமென்றால் வார நாளில் ஒரு காலை நேரம். வழியில் சாப்பிடப் பனெல்லே வைத்த பாணை நகரத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள், கடலை மாவில் பொரித்தது, வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கும் பிரச்சினையில்லை.

அதே மலையின் கடற்பக்கச் சரிவில் அட்டௌரா குகைகள் இருக்கின்றன. பழைய கற்காலத்து மனிதர் பாறையில் கீறிய உருவங்கள் அங்கே உண்டு. இரண்டாம் உலகப்போர் நேரம் வெடிமருந்து வைத்திருந்த இடம், அது தற்செயலாக வெடித்துச் சுவரின் மேற்பூச்சு கொட்டியபோதுதான் கீறல்கள் வெளியே தெரிந்தன. 1997இலிருந்து கல் சரிகிற பயத்தில் பூட்டிக் கிடக்கிறது, ஆகவே யாராவது பொடியன் "எனக்கு ஒரு வழி தெரியும்" என்றால் பின்னால் போகாதீர்கள். நகரத்துச் சலினாஸ் நூதனசாலையில் அந்தக் கீறல்களின் வார்ப்பு இருக்கிறது.

மேற்கே போனால் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது குஸ்தொனாச்சி என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற மஞ்சாபானே குகை. ஏறத்தாழ 70 மீற்றர் உயரத்துக்குப் பாறை வாய் திறந்து நிற்க, அதற்குள்ளே ஒரு சின்னக் குடியிருப்பே இருக்கிறது: வீடுகள், அடுப்பு, கால்நடைக்குக் கொட்டில். 1819இலிருந்து மஞ்சாபானே குடும்பம் அங்கே வாழ்ந்தது, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் விட்டுப் போனார்கள். நத்தார் காலத்தில் ஊர்ச்சனம் வேடம் போட்டு, பழைய தொழில்களையும் செய்து காட்டி, உயிருள்ள பாலன் குடில் நடத்துவார்கள். பஸ்ஸை நம்ப வேண்டாம், கார் உள்ள பிள்ளையைப் பிடியுங்கள். படியேறத் தேவையில்லாதபடியால் வயதானவர்களைக் கூட்டிப்போக இதைவிட நல்ல குகை இல்லை.

லெவான்சோ தீவின் ஜெனொவேசே குகை கொஞ்சம் பாடுபட்டுப் பார்க்க வேண்டியது. சிசிலியின் மேற்குக் கரையில் இருக்கிற திராபனி துறைமுகத்திலிருந்து வேகப்படகில் சுமார் அரை மணித்தியாலம். உள்ளே பத்தாயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட விலங்குக் கீறல்களும், பிந்திய காலத்தில் கறுப்பு மையால் எழுதிய மனித உருவங்களும் மீன்களும் இருக்கின்றன. 1949இல் புளோரன்சிலிருந்து வந்த ஓவியர் பிரான்செஸ்கா மினெல்லோனோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை வெளியுலகுக்கு இது தெரியாது. வழிகாட்டியோடு மட்டும்தான் விடுவார்கள், முதலே போன் பண்ணிப் பதிய வேண்டும். காற்று எழும்பினால் படகு ஓடாது, நெடுந்தீவுக்குப் போய்க் குறிகட்டுவானில் காத்துக் கிடந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே ஊருக்குத் திரும்புகிற விமானத்துக்கு முதல் நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நடக்க விருப்பமுள்ளவர்களுக்கு சிங்காரோ காப்புக்காடு, 1981இல் உருவானது, உள்ளே வாகனப் பாதையே கிடையாது, கரையோரம் ஏழு கிலோமீற்றர் நடை. நடுவில் ஊட்சோ குகை. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம், கோடையில் காட்டுத்தீ அபாயம் என்றால் வாசலை மூடிவிடுவார்கள்.

சிசிலிக்கு வெளியே, நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காப்ரித் தீவின் நீலக் குகையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பலெர்மோவிலிருந்து இரவுக் கப்பலில் நாப்போலி, அங்கிருந்து படகு. குகை வாய் தண்ணீருக்கு மேலே ஒரு மீற்றரளவுதான், சின்ன வள்ளத்தில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், முதுகு நோகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு அடியில் இன்னொரு பெரிய வாய் இருக்கிறது, அதனூடாக வருகிற வெயில்தான் அந்த நீலத்தைத் தருகிறது. அதனால் மப்பு நாளில் போவது காசுக்கு நட்டம். அலை கொஞ்சம் எழும்பினாலும் மூடிவிடுவார்கள், வரிசையில் நெடுநேரம் நின்று, வள்ளத்துக்கும் குகைக்கும் காசு கொடுத்து, உள்ளே நிற்பது ஐந்து நிமிசம். ஒருக்கால் பார்க்கலாம், அதற்காகவே நாப்போலிக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

எந்தக் குகைக்குப் போனாலும் பிடிப்பான அடியுள்ள சப்பாத்து, பாட்டாவோடு போகாதீர்கள். போன் வெளிச்சம் போதாது, தனியாக ஒரு ரோர்ச் வேண்டும். மேலேயிருந்து தொங்குகிற கல்லூசிகளைக் கையால் தொடாதீர்கள், கையில் இருக்கிற எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் வளர்ச்சி தடைப்படும், அது ஒரு அங்குலம் வளரவே சில நூறு வருடங்கள் பிடிக்கும். கடற்குகைக்குள் நீந்தாதீர்கள், வெளியே அமைதியாகத் தெரிகிற அலை உள்ளே ஒடுங்கிய இடத்தில் ஆளைத் தூக்கிப் பாறையில் அடிக்கும்.

பிள்ளைகள் பிரான்சில் இருந்தால் மார்செய் பக்கம் பாருங்கள். மரிய மதலேனாள் தவமிருந்ததாகச் சொல்கிற சென்த் போம் குகைக்குக் காட்டு வழியால் ஏறிப் போகலாம், யூலை 22 திருநாள். மார்செய்க்குப் பக்கத்துக் கோஸ்கே குகையின் வாய் கடலுக்கு அடியில் 37 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது, 1991இல் சுழியோடிகள் மூன்று பேர் அங்கே இறந்துபோனார்கள், யாரையும் விடுவதில்லை. அதன் நகல் 2022இல் மார்செய் நகரத்திலேயே திறக்கப்பட்டது. குதிரை, கடற்பறவை, ஆதிமனிதரின் கையடையாளம் எல்லாவற்றையும் சின்ன வண்டியில் இருத்திச் சுற்றிக் காட்டுவார்கள், நடக்க ஏலாத அம்மாவும் பார்க்கலாம். நகல் என்று விட்டுவிடாதீர்கள், ரிக்கற்றை மட்டும் இணையத்தில் முதலே எடுத்து வையுங்கள், விடுமுறை நாட்களில் வாசலில் கிடைக்காமல் போகலாம்.