தோட்டத்து முள் கையில் தைத்தால்

ரோஜா, எலுமிச்சைச் செடிகளைக் கவாத்து செய்யும்போது முள் கையில் ஒடிந்து நின்றுவிட்டால், வெந்நீரில் ஊறவைக்காமல், சோப்பு போட்டுக் கழுவி ஈரத்தை ஒற்றியெடுத்தபின், ஸ்பிரிட்டால் துடைத்த இடுக்கியால் அது நுழைந்த சாய்விலேயே பின்னோக்கி இழுத்து எடுங்கள். ஊறிய முள் உப்பிப்போய், இடுக்கியின் பிடியிலேயே நொறுங்கிவிடும். விரலைப் பிதுக்கினாலும் பெரும்பாலும் இதுவே நேரும்.

முள் வந்தபின் ஐந்து நிமிடமாவது ஓடும் நீரில் காயத்தைக் காட்டுங்கள். மண்ணிலும் சாண எருவிலும் இருக்கும் டெட்டனஸ் கிருமி காற்றுப் புகாத ஆழத்தில்தான் பெருகும் என்பதால், மஞ்சளையோ சுண்ணாம்பையோ அப்பித் துளையின் வாயை அடைப்பது (நம் வீடுகளில் முதலில் செய்வது அதைத்தான்) நல்லதல்ல. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால், மண் பட்ட இத்தகைய காயத்துக்கு இன்னொன்று தேவைப்படும், மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இவையெல்லாம் முனை கண்ணுக்குத் தெரியும் முள்ளுக்கு மட்டுமே பொருந்தும். விரல் மூட்டிலோ உள்ளங்கையில் ஆழமாகவோ தைத்திருந்தால் ஊசியால் கிளறாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சிறு காயத்தையும் காட்டிவிடுவது நல்லது. விரல் முழுதும் வீங்கி, பாதி மடங்கியபடியே நின்று, நீட்டும்போது கடுமையாக வலித்தால், தசைநாண் உறைக்குள் சீழ் பிடித்திருக்கக்கூடும் என்பதால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.