ஒன்று பத்தவில்லை என்று இன்னொன்றைப் போடாதீர்கள்

பினாங்கில் இரவு ஒன்பது மணி. நாசி கண்டார் கடையில் ஆட்டுக்கறியின்மேல் நாலு வகைக் குழம்பை ‘பஞ்ஜிர்’ ஊற்றச் சொல்லி ஒரு பிடி பிடித்தவர், வீட்டுக்கு வந்து, ஆண்குறி விறைப்புக்கான மாத்திரையான சில்டெனாஃபில் (வயாகரா) 50 மில்லிகிராம் போடுகிறார். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. ‘பவர் பத்தல போல’ என்று இன்னொன்று.

கோளாறு மாத்திரையில் இல்லை, குழம்பில். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு சில்டெனாஃபில் இரத்தத்தில் சேரச் சுமார் ஒரு மணி நேரம் பிந்தும். அப்புறம் இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டும்: தலைவலி, முகச்சிவப்பு, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. நடுவில் பீரும் இருந்தால் இன்னும் மோசம். 24 மணி நேரத்துக்கு ஒரு முறைதான், அதுவும் 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும், ஈரல், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் 25-இல்தான் தொடங்குவார்கள். இன்னொன்று, மாத்திரை ஆசையை உண்டாக்காது. ஆசை வந்தால் இரத்த ஓட்டத்துக்கு வழிவிடும், அவ்வளவுதான்.

இதே வேலைக்கான இன்னொரு மாத்திரை தடாலாஃபில், அது வேறு ரகம். சாப்பாடு அதைத் தடுக்காது. ஆனால் 36 மணி நேரம்வரை வேலை செய்யும். வெள்ளி இரவு போட்டது ஞாயிறு காலையிலும் உடம்பில் இருக்கும். தினமும் 5 மில்லிகிராம் எடுப்பவர், விசேஷ நாளென்று தனியாக 20 சேர்ப்பதும் தவறுதான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வெட்கம். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் ஜிடிஎன் போன்ற நைட்ரேட் மருந்தோடு இந்த மாத்திரைகள் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இதய நோயாளி இரண்டையும் வைத்திருக்கவே கூடாது. நைட்ரேட்டே எடுக்காதவருக்கும் சிக்கல் உண்டு: திடீரென நெஞ்சு வலித்தால் ஆம்புலன்சில் ஜிடிஎன் கொடுக்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் மனைவியோ மருமகனோ இருக்கிறார்களே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமும், தடாலாஃபில் போட்டு 48 மணி நேரமும் நைட்ரேட் ஆகாது. புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், பிராசோசின் எடுப்பவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் ‘ஆண்மைக் காப்பி’ பாக்கெட்டை மூலிகை என்று நம்பிக் குடிப்பவர்களும் உண்டு. இப்படிப்பட்ட காப்பிகளில் சில்டெனாஃபிலும் தடாலாஃபிலும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்று பாக்கெட்டில் எழுதியா வைப்பார்கள்? காலையில் அந்தக் காப்பி, இரவில் மாத்திரை என்றால் டோஸ் கணக்கு யாருக்கும் தெரியாது. மலேசியாவில் இந்த இரண்டு மாத்திரைகளும் டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்துகள், பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும்.

விறைப்பு நாலு மணி நேரம் தாண்டியும் அடங்கவில்லையா, திடீரெனப் பார்வையோ காதோ மங்கியதா, விடியட்டும் என்று படுக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள்.