க்ளாம்பென்போர்க் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கோபன்ஹேகன் நகர மையத்திலிருந்து எஸ்-டோக் என்னும் புறநகர் ரயிலில் சி வழித்தடத்தைப் பிடித்தால் சுமார் 20 நிமிடத்தில் க்ளாம்பென்போர்க் என்னும் கடலோரப் புறநகர். அதுதான் கடைசி நிறுத்தம். இறங்கியவுடன் கூட்டம் போகிற திசையிலேயே கடற்கரைக்குப் போய், நனைந்து, அப்படியே ரயிலேறிவிடுவதுதான் பெரிய தவறு. ரயில் பாதையின் மறுபுறம் சில நிமிட நடையில் டியூரஹாவன் என்னும் மான் காடு இருக்கிறது. டேனிஷ் அரசர்களின் பழைய வேட்டைக்காடு. 2015-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. அதைப் பார்க்காமல் திரும்புவது நிஜமாகவே நஷ்டம்.

சரி, காட்டுக்குள் போனால் அடுத்த தவறு மான்களிடம். புல்வெளியில் கூட்டம் கூட்டமாக, பயமில்லாமல் மேயும். அதனால் வளர்ப்பு மான் என்று நினைத்து ரொட்டியை நீட்டுகிறார்கள், செல்ஃபிக்காக நெருங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். முக்கியமாக செப்டம்பர், அக்டோபரில். அது இணை சேரும் பருவம். கொம்பு விரித்த ஆண் மான் தலையை உயர்த்தி அடித்தொண்டையில் கர்ஜிக்கும். ஓடை தாண்டியும் கேட்கும். இரண்டு ஆண் மான்களுக்கு நடுவிலோ, ஆணுக்கும் அதன் பெண் கூட்டத்துக்கும் நடுவிலோ போய் நிற்கவே கூடாது. தள்ளி நின்று பார்த்தாலே மெய்சிலிர்க்கும். நாய் கூட வந்தால் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

கடற்கரைக்கு வருவோம். பெல்வ்யூ கடற்கரையை வெறும் மணலாகப் பார்த்துவிடுவார்கள். நீலப்பட்டை போட்ட அந்த வெள்ளைக் காவல் கோபுரங்கள் 1930-களில் கட்டடக் கலைஞர் ஆர்ன யாகப்சன் வடிவமைத்தவை. எதிரே பெல்லவிஸ்டா குடியிருப்பும் அவருடையதே. ஒவ்வொரு வீட்டுக்கும் கடல் தெரியவேண்டும் என்று வீடுகளைப் படிப்படியாகத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார். சாலையில் நின்றபடி அந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். ஆனால் உள்ளே மக்கள் வசிக்கிறார்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டவேண்டாம்.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கச் சாயங்காலம் வந்து ஏமாறாதீர்கள். ஓரெசுண்ட் கடல் இங்கே கிழக்கில், உதயம்தான் தெரியும். கோடையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். குழந்தைகள் நடுங்கத் தொடங்கினால் உடனே கரையேற்றிவிடுங்கள்.

அப்புறம் பாக்கன். 1583-இலிருந்து கதை சொல்லும் இந்தக் கேளிக்கைப் பூங்காவை நகருக்குள் இருக்கும் டிவோலி என்னும் இன்னொரு கேளிக்கைப் பூங்காவோடு குழப்பிக்கொள்கிறார்கள். பாக்கன் காட்டுக்குள்ளே இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது, ராட்டினங்களுக்கு மட்டும் காசு. குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். குழந்தைகளிடம் சொல்வதற்கு முன் திறந்திருக்கும் தேதியைப் பார்த்துவிடுங்கள்.