வீடு வாங்கியாச்சு, கந்தோரில் காணி விபரம் எடுப்பது எப்படி?

வன்னியில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபுகுந்த சில மாதங்களில் ஒரு சிக்கல் வந்தது. முன்னால் போகும் ஒழுங்கை பொதுப் பாதையா, தனியார் காணியா? விற்றவரின் கடதாசிகள் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. எங்கள் பக்கம் பல வீடுகளுக்கு இதே நிலைதான். கந்தோரில் கிடக்கும் பிரதிதான் மிச்சம், அதை எடுத்து வையுங்கள்.

முதலில் எந்தக் கந்தோர் என்று பாருங்கள். உறுதி எழுதி வாங்கிய தனியார் காணி (உறுதிக் காணி) என்றால் காணிப் பதிவகம். அங்கே கட்டணம் கட்டிப் பதிவைத் தேடலாம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு. அந்தக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்கவே முடியாது, ஆகவே அந்த அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். ஒழுங்கை, கட்டட அனுமதி எல்லாம் பிரதேச சபை.

சும்மா கேட்டுக் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் தடுமாறிய இடம் அடுத்தது. பிரதேச சபைக்கு எழுதிய என் முதல் கடிதத்தில், “என் காணி பற்றிய எல்லா விபரங்களும் வேண்டும், அந்த ஒழுங்கையை ஏன் மறிக்கிறார்கள்?” என்று எழுதினேன். கேட்ட தகவல் எதுவென்று தெளிவில்லை என்று பதில் வந்தது. அவர்களிடம் பதிவாக இருப்பதைத்தான் தருவார்கள். “ஏன்” என்பதற்குக் கோவையில் தாள் கிடையாது. இரண்டாம் முறை தாளின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்:

“இன்ன கிராம அலுவலர் பிரிவில், இன்ன இலக்க நில அளவை வரைபடத்தின் 3ஆம் துண்டுக்கு மேற்கே உள்ள ஒழுங்கை, சபையின் வீதிப் பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கத்தின் பிரதி. இக்காணியிலுள்ள வீட்டுக்கு வழங்கிய கட்டட அனுமதியின் பிரதி.”

இரண்டும் கிடைத்தன. வரைபட இலக்கமும் துண்டு இலக்கமும் உங்கள் உறுதியின் அட்டவணையிலேயே இருக்கும். அதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

கடிதத்தை நேரில் கொடுப்பதுதான் நல்லது என்பேன். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அந்த முத்திரை இல்லாமல் நாட்களை எப்படி எண்ணுவது? தூர இடமென்றால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு செய்யலாம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பின்சேர்க்கை: கனடாவிலிருந்து ஒரு அக்கா தன் பெயரில் கேட்கலாமா என்று எழுதியிருந்தார். இந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்குத்தான். இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் கேட்கலாம். இல்லையென்றால் ஊரிலிருக்கும் தம்பி தன் பெயரில் விண்ணப்பிக்கட்டும்.