பூட்லோடரைத் திறக்கும் முன் பேக்கப்: எங்கே கோட்டை விடுகிறோம்?

ரூட் செய்வதால், அதாவது போனின் முழு அதிகாரத்தையும் நம் கைக்கு எடுப்பதால், போனில் இருப்பது அழிவதில்லை. அதற்கு முந்தைய படியில், பூட்லோடரை (போன் எழும்போது எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று பார்க்கும் காவலாளி) அன்லாக் செய்யும்போதே எல்லாம் போய்விடுகிறது. இந்த வரிசை புரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் சித்தி மகன் அப்படித்தான் மாட்டினான். "இன்னைக்கு அன்லாக் மட்டும் பண்ணி வச்சிடுறேன்ணா. ரூட் அடுத்த வாரம்தானே, அதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துக்கலாம்" என்றான். நான் பதில் சொல்வதற்குள் கம்ப்யூட்டரில் கட்டளையைத் தட்டிவிட்டான். போன் திரையில் எச்சரிக்கை வந்தது. 'அன்லாக் செய்யாதே' என்பதில்தான் அது நின்றுகொண்டிருந்தது. வால்யூம் பட்டனை அழுத்தி 'அன்லாக் செய்' என்பதற்கு மாற்றி, பவர் பட்டனை ஒரு தட்டு. கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி எழுந்து, கடையிலிருந்து வந்த புதுப் போன் மாதிரி எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. இரண்டு வருடப் படங்கள் போயே போச்சு.

இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் போனைத் திருடியவன் பூட்லோடரைத் திறந்து, தன் மென்பொருளை ஏற்றி, உங்கள் படங்களையும் செய்திகளையும் படித்துவிடக் கூடாது. அதனால் பூட்டு திறக்கும் கணத்திலேயே உங்கள் தரவு இருக்கும் பகுதி முழுவதும் துடைக்கப்படுகிறது. இப்போதைய போன்களில் அந்தத் தரவு என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும். அதைத் திறக்கும் சாவியும் சேர்ந்தே அழிகிறது. ஆகவே அழிந்த ஃபைலை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டாலும், கடையில் கொடுத்தாலும் எதுவும் திரும்பாது.

முழு பேக்கப் எடுத்துவிடலாம் என்ற நினைப்பு

பழைய வழிகாட்டிகளில் முதல் வரியே "நான்ட்ராய்டு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்", அதாவது போனை மொத்தமாக அப்படியே நகலெடுங்கள், என்றுதான் இருக்கும். ஏற்கெனவே அன்லாக் ஆன போனுக்கு அது சரியான அறிவுரை. ஆனால் அந்த நகலை எடுப்பது டிடபிள்யூஆர்பி போன்ற ரெக்கவரி (போன் முழுதாக எழாமலே ஓடும் பராமரிப்பு மென்பொருள்). பூட்லோடர் பூட்டியிருக்கும் போனில் அதை ஏற்றவே முடியாது. டைட்டானியம் பேக்கப், நியோ பேக்கப் எல்லாம் ரூட் இருந்தால்தான் வேலை செய்யும். ஸ்விஃப்ட் பேக்கப் ரூட் இல்லாமலும் ஓடும், ஆனால் ஆப்களுக்குள் இருக்கும் தரவைத் தொடாது. ஆக, முழு பேக்கப்புக்கு ரூட் வேண்டும், ரூட்டுக்கு அன்லாக் வேண்டும், அன்லாக் செய்தால் பேக்கப் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியே போனுக்குக் கட்டளையிடும் கருவி) பேக்கப் கட்டளை இருக்கிறதே என்பீர்கள். ஆண்ட்ராய்டு 4.0 காலத்தில் வந்த அது, ரூட் இல்லாமலே ஆப்களின் தரவை எடுத்துத் தந்தது உண்மை. ஆனால் 'என்னை பேக்கப் எடுக்காதே' என்று ஓர் ஆப் அறிவித்துவிட்டால் சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். ஆண்ட்ராய்டு 12-க்கோ அதற்குப் பிந்தையதற்கோ எழுதப்பட்ட ஆப்களின் தரவை அது எடுப்பதே இல்லை. கட்டளை ஓடும், முடிந்தது என்றும் சொல்லும், ஃபைலும் உருவாகும். அதன் அளவைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்: நூறு ஆப் இருக்கும் போனுக்குச் சில கேபி.

எனவே அன்லாக் செய்வதற்கு முன் ஒரே பட்டனில் எல்லாவற்றையும் அள்ளும் வழி கிடையாது. ஆப் ஆப்பாக உட்கார்ந்து, எது எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சலிப்பான வேலை. ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பேக்கப்பை அதே போனில் வைப்பது

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதிகம் நடப்பது இதுதான். போன் நிறுவனத்தின் பேக்கப் வசதி, எஸ்எம்எஸ் பேக்கப் ஆப், கான்டாக்ட்ஸ் எக்ஸ்போர்ட் எல்லாமே பெரும்பாலும் ஃபைலைப் போனின் இன்டர்னல் ஸ்டோரேஜில்தான் போட்டுவைக்கும். சியோமி போன்களில் 'எம்ஐயூஐ' என்ற ஃபோல்டருக்குள் 'பேக்கப்', அதற்குள் 'ஆல்பேக்கப்' என்று இருக்கும். பேக்கப் வெற்றி என்று பச்சை டிக் பார்த்ததும் நிம்மதி வந்துவிடுகிறது. அந்த ஃபோல்டரைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்காமல் அன்லாக் செய்தால் பேக்கப்பும் சேர்ந்து அழியும்.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. ஃபைல் மேனேஜரில் 'எஸ்டிகார்டு' என்று தெரியும் பாதை பெரும்பாலும் உண்மையான மெமரி கார்டு இல்லை. அது இன்டர்னல் ஸ்டோரேஜின் பழைய பெயர். தரவு இருக்கும் அதே பகுதிக்குள்தான் அது கிடக்கிறது.

நிஜமான மெமரி கார்டு என்றாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 6-இலிருந்து சில போன்களில் கார்டையே இன்டர்னல் ஸ்டோரேஜாக ஃபார்மட் செய்யும் வசதி இருக்கிறது. அப்படிச் செய்திருந்தால் கார்டு என்கிரிப்ட் ஆகியிருக்கும். அதன் சாவி போனுக்குள் இருக்கும். போன் துடைக்கப்பட்டதும் கார்டு பத்திரமாகக் கையில் இருக்கும், உள்ளே ஒரு படத்தைக்கூடத் திறக்க முடியாது.

கூகுள் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

கூகுள் பேக்கப் நல்லதுதான், ஆனால் அதன் அளவு தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். அதுவும் அனுமதிக்கும் ஆப்களுக்கு மட்டும். தானாக ஓட வேண்டுமானால் போன் வைஃபையில், சார்ஜில், சும்மா கிடக்க வேண்டும். செட்டிங்ஸில் பேக்கப் பகுதிக்குப் போய்க் கடைசியாக எடுத்த தேதியைப் பாருங்கள். பழைய தேதியாக இருந்தால் 'இப்போதே பேக்கப் எடு' என்பதைத் தட்டி, முடியும்வரை காத்திருங்கள்.

மீட்கும்போது பழைய திரைப்பூட்டின் பின் எண்ணையும் கேட்கலாம். விரல் ரேகையிலேயே திறந்து பழகி அந்த எண்ணை மறந்தவர்கள் முன்பே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: புதிய ஆண்ட்ராய்டில் எடுத்த பேக்கப்பைப் பழைய ஆண்ட்ராய்டில் மீட்க முடியாது. ஆண்ட்ராய்டு 14-இலிருந்து, 13-ஐ அடிப்படையாகக் கொண்ட கஸ்டம் ராமுக்கு (நிறுவனம் தராத மாற்று ஆண்ட்ராய்டு) இறங்குகிறவர்கள் அங்கே போய்த்தான் இதைக் கண்டுபிடிப்பார்கள்.

கூகுள் போட்டோஸ் எல்லாப் படத்தையும் ஏற்றியிருக்கும் என்பதும் தப்புக் கணக்கு. வழக்கமாக அது கேமரா ஃபோல்டரை மட்டுமே எடுக்கும். வாட்ஸ்அப் படங்கள், ஸ்கிரீன்ஷாட், டவுன்லோட் எல்லாம் நீங்களாகத் தேர்ந்தெடுத்தால்தான் ஏறும். கான்டாக்ட்ஸும் அப்படியே. புதிய எண்ணைச் சேமிக்கும்போது இடம் 'போன்' என்று இருந்தால் அது கூகுள் கணக்குக்குப் போகவே போகாது. எல்லாவற்றையும் ஒரு விசிஎஃப் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

வாட்ஸ்அப்பும் 2 மணிக் கணக்கும்

வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானாக ஒரு நகலைப் போனிலேயே எடுத்துவைக்கிறது. ஞாயிறு மதியம் நீங்கள் அந்த ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு எடுத்தால், அன்று காலையிலிருந்து வந்தது எதுவும் அதில் இருக்காது. சாட் பேக்கப் பக்கத்துக்குப் போய் கையாலேயே ஒருமுறை எடுத்துவிட்டு, அப்புறம் நகல் எடுங்கள்.

எங்கிருந்து எடுப்பது என்பதிலும் சறுக்குகிறார்கள். முன்பு இன்டர்னல் ஸ்டோரேஜைத் திறந்ததுமே 'வாட்ஸ்அப்' என்ற ஃபோல்டர் தெரியும். பல போன்களில் அது வெறும் கூடாக இன்னும் கிடக்கிறது. இப்போது சரக்கு இருப்பது 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப் பெயரில் இருக்கும் ஃபோல்டரில். அங்கே 'டேட்டாபேசஸ்' இருக்கிறதா, அதில் இன்றைய தேதியில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்கும்போதும் வரிசை முக்கியம். ஆப்பை நிறுவி, ஃபோல்டரை அதே இடத்தில் வைத்துவிட்டு, பிறகுதான் திறந்து எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

பேக்கப்புக்கு எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் போட்டு, கடவுச்சொல்லுக்குப் பதில் 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதை எங்கே எழுதி வைத்தோம் என்று இப்போதே தேடுங்கள். தொலைந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது.

சிக்னலிலும் இதே கதை. அதன் லோக்கல் பேக்கப்புக்கு 30 இலக்கக் கடவு எண் ஒன்று தருவார்கள். என் சித்தி மகன் அடுத்த போனில் வெகு ஜாக்கிரதையாக இருந்தான். சிக்னல் ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு எடுத்தான், கேமரா படங்களை எடுத்தான், அந்த 30 இலக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்திருந்தான். ஸ்கிரீன்ஷாட் கேமரா ஃபோல்டரில் இல்லை, வேறொரு ஃபோல்டரில் இருந்தது. பெட்டி வீட்டில், சாவி ஆற்றில். இத்தனைக்கும் அன்லாக் செய்வதற்கு முன் சிக்னலில் பேக்கப்பை அணைத்து மறுபடி போட்டிருந்தால் புது எண் கிடைத்திருக்கும். ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தாலும் போதும்.

டெலிகிராமில் சாதாரணப் பேச்சு சர்வரில் இருப்பதால் கவலை இல்லை. ரகசிய சாட் மட்டும் அந்தப் போனோடு போய்விடும்.

உள்ளே நுழையவே முடியாமல் போவது

படம் போனால் மனசு வலிக்கும். உள்நுழைவதற்கான குறியீடுகளைத் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் போனால் கணக்கே போகும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. நெடுநாளாக வைத்திருப்பவர்கள் அதை இயக்காமலே இருக்கலாம், திறந்து பாருங்கள். ஒத்திசைவு பிடிக்காது என்றால் அதிலேயே எக்ஸ்போர்ட் செய்து, வரும் க்யூஆர் குறியை இரண்டாவது போனால் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாம். ஏஜிஸ் என்ற இன்னொரு ஆத்தென்டிகேட்டர் ஆப்பைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் வால்ட்டை (குறியீடுகள் இருக்கும் பெட்டகம்) எக்ஸ்போர்ட் செய்து, கடவுச்சொல்லோடு வெளியே எடுத்துவைக்க வேண்டும்.

துடைத்து எழுந்த போன் முதலில் கேட்பது கூகுள் கணக்கு. இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான 'நீங்கள்தானா?' என்ற கேள்வி எந்தப் போனுக்குப் போகும்? இதே போனுக்குத்தான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 8 இலக்க பேக்கப் குறியீடுகள் பத்து கிடைக்கும். அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுப் பர்ஸில் வையுங்கள்.

யுபிஐ, வங்கி ஆப்களை பேக்கப் எடுக்கவே முயல வேண்டாம். அவை சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பிப் புதிதாகப் பதிவாகும். ஆனால் பூட்லோடர் திறந்திருப்பதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுக்கும் வங்கி ஆப்களும் உண்டு. வாடகை கட்ட வேண்டிய நாளிலோ ஊருக்குக் கிளம்பும் நாளிலோ இந்த வேலையில் இறங்காதீர்கள்.

திரும்பாதவை

சில விஷயங்களுக்கு பேக்கப்பே கிடையாது. சாம்சங்கில் நிறுவனக் கையொப்பம் இல்லாத மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் ஃப்யூஸ் (சிப்புக்குள் இருக்கும், ஒருமுறை எரிந்தால் திரும்பாத பாதுகாப்பு அடையாளம்) எரிந்துவிடும். பிறகு பழைய மென்பொருளையே போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் திரும்பாது. அதற்குள் இருப்பதை முன்பே வெளியே நகர்த்திவிடுங்கள். சோனியின் பழைய எக்ஸ்பீரியா போன்களில் அன்லாக் செய்தால் டிஆர்எம் (உரிமைக் காப்பு) சாவிகள் அழிந்து கேமராப் படங்களின் தரமே குறைந்தது. கேமராவுக்கும் டிஆர்எம்முக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

சியோமியில் அன்லாக் அனுமதி கேட்டால் 168 மணி நேரம் (ஒரு வாரம்) வரை காத்திருக்கச் சொல்வது உண்டு. முதல் நாள் உற்சாகத்தில் பேக்கப் எடுத்துவிட்டு, எட்டாம் நாள் மறுபடி எடுக்காமல் அன்லாக் செய்பவர்கள் அந்த ஒரு வாரத்தை இழக்கிறார்கள். பேக்கப் என்பது அன்லாக் செய்யும் அன்று எடுப்பது.

நகலைத் திறந்து பார்க்காமல் விடுவது

யூஎஸ்பி கேபிளில் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை இழுத்தால் நடுவில் நின்றுவிடுவது சகஜம். சில சமயம் பிழைச் செய்திகூட வராது. ஏடிபியில் ஃபைல்களை இழுத்தெடுக்கும் 'புல்' கட்டளை இதைவிட நம்பகமானது. எப்படி எடுத்தாலும் சரி, போனிலும் கம்ப்யூட்டரிலும் ஃபைல்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, பழையதில் ஒரு படம், நேற்றைய வீடியோ ஒன்று, விசிஎஃப் ஃபைல் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். எஸ்எம்எஸ் பேக்கப் ஃபைலை நோட்பேடில் திறந்தாலே செய்திகள் தெரியும்.

ரூட் ஆன பிறகு

ரூட் கிடைத்ததும் தீம் மாற்ற ஓடாதீர்கள். குவால்காம் சிப் போன் என்றால் ஐஎம்இஐ, நெட்வொர்க் விவரங்கள் இருக்கும் மோடம் பகுதிகளையும், சென்சார் அளவீடுகள் இருக்கும் 'பெர்சிஸ்ட்' பகுதியையும் முதலில் நகலெடுத்துக் கம்ப்யூட்டரில் வையுங்கள். ரூட் இல்லாமல் இவற்றைத் தொட முடியாது, பின்னால் ஏதாவது ராம் ஏற்றும்போது இவை கெட்டால் சிம் இருந்தும் நெட்வொர்க் வராது. ரூட் தரும் கருவியான மேஜிஸ்க் திருத்திய பூட் இமேஜோடு (போனை எழுப்பும் ஃபைல்), அதே மென்பொருள் பதிப்பின் அசல் பூட் இமேஜையும் பக்கத்திலேயே வையுங்கள். போன் லோகோவிலேயே நின்றுவிட்டால் அசலை ஏற்றிப் பார்க்கலாம். பல சமயம் அதுவே போதும், தரவும் தப்பும்.

பிக்சல்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கூகுள் தரும் ஃபேக்டரி இமேஜில் (அசல் மென்பொருள் தொகுப்பு) 'ஃப்ளாஷ் ஆல்' என்ற ஸ்கிரிப்ட் இருக்கும். மாதாந்திர அப்டேட்டுக்கு அதை அப்படியே ஓட்டினால் போன் மறுபடி துடைக்கப்படும். உள்ளே ஒரு வரியில் இருக்கும் 'மைனஸ் டபிள்யூ' என்ற இரண்டே எழுத்துதான் அதற்குக் காரணம், ஓட்டும் முன் அதை நீக்க வேண்டும்.

வங்கி ஆப்புக்காக பூட்லோடரைத் திரும்பப் பூட்டலாம் என்று ஒருநாள் தோன்றும். பூட்டினாலும் எல்லாம் அழியும், இந்த மொத்த வேலையும் இன்னொரு முறை. அதுவும் அசல் மென்பொருளை முழுமையாக ஏற்றிய பிறகுதான் பூட்ட வேண்டும். திருத்திய பூட் இமேஜோடு பூட்டினால் போன் எழாமலே போகலாம்.