குடும்பப் பெயரின் விகுதியை வைத்து வம்சத்தை முடிவு செய்யாதீர்கள்

ஜெர்மானிய, ஸ்லாவிய (போலந்து, செக், ரஷ்யா போன்ற) குடும்பப் பெயர்களின் மூலத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது விகுதியில்தான். பெயர் 'ஸ்கி' என்று முடிந்தால் போலந்துப் பிரபு வம்சம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். தொடக்கத்தில் நிலவுடைமைக் குடும்பங்கள் ஊர்ப் பெயரோடு அதைச் சேர்த்துக்கொண்டது உண்மை. ஆனால் பின்னாளில் குடியானவர்களும் கைவினைஞர்களும் அதையே வைத்துக்கொண்டார்கள். கோவால்ஸ்கிக்கு வேர் கொல்லரைக் குறிக்கும் 'கோவால்'. உலைக்களத்துப் பெயர் அது.

குடும்பக் கதையை அப்படியே நம்புவதும் ஆபத்து. தத்துவவாதி நீட்சே தன் முன்னோர் போலந்துப் பிரபுக்கள் என்று உறுதியாக நம்பினார், எழுதியும் வைத்தார். அவருடைய வம்சாவளியைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தவர்களோ ஜெர்மன் முன்னோர்கள்தான். நீட்சே என்பது நிக்கோலஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். ஸ்லாவியச் சாயல் படிந்தது என்பதால் சுமந்தவர் ஸ்லாவியர் ஆகிவிட மாட்டார்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். 1787இல் இரண்டாம் ஜோசப் பேரரசர், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் நாடுகளில் வாழ்ந்த யூதர்கள் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். எனவே அந்த ஆட்சியில் இருந்த கலீசியாவில் (இன்றைய போலந்து, உக்ரைன் பகுதி) ஒரு ஜெர்மன் பெயரைக் கண்டதும் ஜெர்மனியில் பூர்வீக ஊரைத் தேடிக் கிளம்பாதீர்கள்.

அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையையும் விட்டுவிடுங்கள். கப்பல் ஏறும்போதே எழுதப்பட்ட பயணிகள் பட்டியலை வைத்துத்தான் அங்கே சரிபார்த்தார்கள். குடியேறிய பிறகு அவர்களே பெயரை மாற்றிக்கொண்டதுதான் அதிகம்.

சரி, ஆவணத்தில் தேடும்போது? ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துத் தொங்கக் கூடாது. ஷுல்ஸ் என்ற பெயரை ஜெர்மானியர் ஒருவிதமாகவும் போலந்துக்காரர் வேறுவிதமாகவும் எழுதுவார்கள். ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்தில் 1868 முதல் பதிவேடுகள் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டன. அந்த மொழியில் 'ஹ' ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால், ஹோஃப்மன் அங்கே 'கோஃப்மன்' ஆகிவிடுவார். ஒரு வரிசையில் காணாமல் போனவர் இன்னொரு வரிசையில் இருப்பார். பெண்களைத் தேடும்போது விகுதியையும் மாற்றிப் பாருங்கள்: செக் மொழியில் அப்பா நோவாக் என்றால் மகள் நோவாகோவா, போலந்தில் கோவால்ஸ்கியின் மகள் கோவால்ஸ்கா. ஆண் வடிவத்தை மட்டும் தேடுபவருக்குப் பாட்டி அகப்படவே மாட்டார்.